கண்ணின் பாத்தியதை

துருக்கி தேசத்தில் ஒருவர் உணவருந்த உட்காரும்போதும், அருந்திக்கொண்டிருக்கையில் வேறொருவர் அவரைக் கடந்து செல்ல நேரும்போதும், உண்டு முடித்து எழும்போதும், அருகிலிருப்போர் தவறாமல் சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு. 'அஃபியெத் ஓல்சுன்' என்பது அது. அரபு மொழியிலிருந்து துருக்கிக்கு வந்து குடியேறிய அச்சொல்லுக்கு நோயின்மை என்றும், துன்பம் அணுகாமல் காக்கப்பட்ட நிலை என்றும் பொருள் உண்டாதலால், 'ஆரோக்கியம் உண்டாகுக' என்பதே அவ்வாழ்த்தின் கருத்தாகும். உண்டவரோ, சமைத்தவரை நோக்கி, 'எலினிஸே சாலிக்' என்கிறார். 'உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம்' என்பது அதன் பொருள். ருசியைப் புகழ்வதற்கும் வயிறு நிறைந்தமைக்கு நன்றி கூறுவதற்கும் உரிய இடத்தில், இட்டவர் உண்டவருடைய தேகத்துக்கும், உண்டவர் இட்டவருடைய கைக்குமாக, ஆரோக்கியத்தையே இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் இந்த வழக்கத்தை முதன்முதல் கவனித்தபோது, என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: இவர்கள் இவ்விதம் கைமாற்றிக்கொள்ளும் அந்த ஆரோக்கியம் எங்கே குடியிருக்கிறது? பதார்த்தத்திலா, பதார்த்தத்தைப் பக்குவம் செய்த கையிலா, அல்லது இன்னாருக்கு இது உரியது என்று நிர்ணயிக்கும் நியாயத்திலா?

இக்கேள்வி எனக்கு ஏட்டறிவாக எழுந்ததன்று. ஐம்பது வயதைக் கடந்தபின், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிட்டதென்று வைத்தியர் கூறிப் பத்தியத்துக்கு ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்திருந்த காலத்தில், துருக்கியில் சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர், அத்தேசத்து ஆகாரத்தின் மேன்மையை இரண்டு மாலைப்பொழுதுகள் முழுவதும் எடுத்துரைத்தார். பின்பு கோன்யா நகரில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது, தத்துவ விசாரணை எதுவும் என் நோக்கமாக இருக்கவில்லை. எந்தப் பண்டத்தில் என்ன சத்து இருக்கிறது, அது என் தேகத்துக்கு என்ன செய்யும் என்று அறிந்துகொள்ளும் ஆவல் ஒன்றோடுதான் சென்றேன். அந்த ஆவலுக்கு அத்தேசம் அளித்த விருந்து பெரிது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோதுமையிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் துருக்கியின் ஆசியப் பகுதியாகிய அனத்தோலியா அதன் தாய்வீடு. தியார்பக்கிர் நகரத்துக்கு அருகே உள்ள கரஜாதா என்னும் பழைய எரிமலையின் சரிவுகளில் இன்றும் தானாக முளைத்து நிற்கும் காட்டுப்புல்லே, மனிதன் ஆதியில் பயிரிட்ட ஒற்றைமணிக் கோதுமையின் மூதாதை என்று 1997-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அந்த ஒற்றைமணிக் கோதுமையை 'சியெஸ்' என்னும் பெயரால் கஸ்தமோனுப் பகுதியின் குடியானவர்கள் இன்றளவும் விதைத்து அறுத்து வருகிறார்கள். கோதுமையை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, பிறகு உடைத்துச் சலித்தெடுப்பது 'புல்குர்'. நெல்லைப் புழுக்கி உலர்த்திக் குத்தும் நம் நாட்டார்க்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை: வெந்நீரும் ஆவியும் மேல்தோலின் சத்தில் ஒரு பகுதியை மணியின் உள்ளே செலுத்திவிடுகின்றன; வெந்து உலர்ந்த தானியம் பூச்சிக்கும் எளிதில் இரையாவதில்லை. தவிட்டின் பெரும்பகுதி நீங்காமல் நார்ச்சத்து நிறைந்திருப்பதால், வெள்ளை மாவின் ரொட்டியைப்போல் அது இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்துவதில்லை. இந்தப் புல்குரைத் துவரை நிறத்துச் சிறு பருப்போடும் கொண்டைக்கடலையோடும் சேர்த்துச் சமைக்கிறார்கள். தானியத்தில் குறைந்த புரதக்கூறு பருப்பிலும், பருப்பில் குறைந்தது தானியத்திலும் இருந்து ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. இரசாயன சாஸ்திரம் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னமேயே இந்தச் சேர்க்கையை அடுப்படியில் கண்டுபிடித்தவர்கள் யாரென்று சரித்திரம் எழுதி வைக்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் பெண்களாகவே இருந்திருப்பார்கள்.

தயிரைப் பற்றியோ எவ்வளவு சொன்னாலும் தகும். உலகத்தின் பல பாஷைகள் தயிருக்கு வழங்கும் 'யோகர்ட்' என்னும் பெயரே, பிசைதல், இறுகச் செய்தல் என்ற பொருளுடைய துருக்கி வினைச்சொல்லிலிருந்து வந்தது. பால் தயிராகும் விந்தையைச் செய்யும் நுண்ணுயிரை 1905-ல் ஸ்தாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மாணவர் ஜினீவா நகரத்து ஆய்வுக்கூடத்தில் பிரித்துக் காட்டினார். ஆனால் அவ்வுயிரைப் பானையில் வளர்த்து, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு உறையாகக் கொடுத்துக் காப்பாற்றி வந்த மேய்ச்சற்குடிகளின் அனுபவம் அதற்கும் மிக முற்பட்டது. பாலிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதியை அந்நுண்ணுயிர்கள் தாமே உண்டு புளிப்பாக மாற்றிவிடுவதால், பால் ஜீரணியாதவர்க்கும் தயிர் ஜீரணிக்கிறது. தயிரோடு நீரும் உப்பும் கலந்த 'அய்ரான்' அவர்களுடைய மோர். இவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்தது 'தர்ஹானா' என்பது. கோடையின் இறுதியில், கோதுமை மாவையும் தயிரையும் வெங்காயம், மிளகாய், தக்காளி முதலியவற்றோடு பிசைந்து, நாட்கணக்கில் புளிக்கவிட்டு, துணி விரித்து வெயிலில் உலர்த்தி, கையால் தேய்த்துப் பொடியாக்கி, குளிர்காலத்துக்கென்று பையில் கட்டி வைக்கிறார்கள். பனி விழும் காலையில் அதில் ஒரு பிடியை நீரில் கரைத்துக் காய்ச்சினால், கோடைக்காலம் முழுவதும் கிண்ணத்தில் ஆவி பறக்க எழுந்து வருகிறது. தானியத்தின் உள்ளே இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்து வைத்திருக்கும் ஒரு பொருளைப் புளிப்பு சிதைத்துவிடுவதால், அவ்விரண்டும் உடலுக்கு எளிதில் கிட்டுகின்றன என்று நூலோர் கூறுகின்றனர்.

ஒலிவ எண்ணெயின் குணங்கள் உலகறிந்தவை. ஏஜியன் கடற்கரையோர் காய்கறிகளை அதில் மெல்ல வேகவைத்து, ஆறவிட்டு, குளிர்ந்த நிலையில் உண்கின்றனர். மலாத்யாவின் உலர்ந்த சர்க்கரைப் பாதாமி, ஐதீனின் அத்தி, கருங்கடல் ஓரத்து ஹேசல் கொட்டை, காஜியன்தெப்பின் பிஸ்தா, மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய புளிக்குழம்பு, கருஞ்சிவப்பான சுமாக் பொடி என்று நீளும் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள். அவர்களுடைய சமையலில் அரசு வீற்றிருக்கும் கத்தரிக்காய் நம் பாரத நாட்டிலிருந்து பாரசீகத்தின் வழியாக அங்கே சென்றது என்பதை அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோன்யாவில் வாழ்ந்த ஒருவர், இன்று துருக்கியின் அடையாளமாகக் கருதப்படும் அச்சிவந்த குழம்புகளுள் ஒன்றையேனும் கண்டிருக்க மாட்டார்.

இனி, பண்டத்தில் மருந்தைக் காணும் நோக்கு அவர்களுக்குப் புதியதன்று. கிரேக்கரிடமிருந்து வந்து, 1037-ல் காலமான இப்னு ஸீனாவின் மாபெரும் நூலால் நிலைபெற்ற நான்கு தாதுக்களின் சாஸ்திரம், உஸ்மானிய வைத்தியத்துக்கு அடிப்படையாக இருந்தது. உஷ்ணம், சீதம், வறட்சி, ஈரம் என்ற குணங்களை ஒவ்வோர் உணவுக்கும் வகுத்து, தேகத்தின் சமநிலைக்கேற்ப உண்ணுமாறு அது விதித்தது. மீனையும் தயிரையும் ஒருங்கே உண்டால் நஞ்சாகும் என்று இன்றும் துருக்கி வீடுகளில் சொல்லுகிறார்கள். மீனையும் பாலையும் விருத்த ஆகாரம் என்று விலக்கிய நம் ஆயுர்வேத நூலாரை இது நினைப்பூட்டாமல் இராது. தோப்காப்பி அரண்மனையின் சமையற்கட்டுகளில் இனிப்பு வகைகளைச் செய்த பகுதியே லேகியங்களையும் கிண்டியது. மனிஸா நகரில் சுல்தான் சுலைமானின் அன்னை நோயுற்றபோது மெர்கெஸ் எஃபெந்தி என்னும் பெரியார் 41 வகைச் சரக்குகளைச் சேர்த்துச் செய்ததாகக் கூறப்படும் லேகியத்தை, இன்றும் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் பள்ளிவாசலின் மேலிருந்து ஜனத்திரளின்மீது வீசுகிறார்கள். அரசியின் நோய்க்கென்று செய்த மருந்தை அவள் ஊராருக்கும் பங்கிடச் சொன்னாள் என்பது ஐதிகம். அந்தப் பங்கீட்டின் பொருளை அப்போது நான் உணரவில்லை.

என் சிரத்தையெல்லாம் இவ்விதம் பண்டங்களின்மேல் குவிந்திருந்தபோது, ஒரு புள்ளிவிவரம் என்னைத் திடுக்கிட வைத்தது. 1997, 1998-ம் ஆண்டுகளில் துருக்கி முழுவதும் நடந்த ஆய்வில், இருபது வயது நிறைந்தவர்களுள் நூற்றுக்கு 7.2 பேர் நீரிழிவுடையோர் என்று கண்டார்கள். 2010-ல் மீண்டும் ஆராய்ந்தபோது அத்தொகை 16.5 ஆகியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல். இன்னும் ஒன்று: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருக்க, 2008-ல் துருக்கியில் அளந்து பார்த்தபோது ஒருவர் சராசரி 18 கிராம் உண்பதாகத் தெரியவந்தது. ஒலிவ மரங்கள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பட்டுப்போகவில்லை. தயிர் உறைய மறுக்கவில்லை. கடைத்தெருவில் புல்குர் மூட்டைகளும் அத்திப்பழக் கோவைகளும் முன்போலவே அடுக்கப்பட்டிருந்தன. ஆரோக்கியம் பதார்த்தத்திலேயே குடியிருக்கிறது என்பது முழு உண்மையாயின், பதார்த்தங்கள் இருந்தும் அது போன இடம் எது? உழைப்புக் குறைந்தது, வெள்ளை மாவும் சர்க்கரையும் மலிந்தன, வாகனங்கள் பெருகின என்று அறிஞர் கூறும் காரணங்களை நான் மறுக்கவில்லை; அவை யாவும் மெய்யே. எனினும் அக்காரணங்கள் அனைத்துக்கும் பொதுவாக உள்ளே கிடப்பது அளவு என்னும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. அளவோ பண்டத்தில் இல்லை. ஒலிவ எண்ணெயின் துளி தனக்கு எல்லை சொல்லுவதில்லை, உப்பும் சொல்லுவதில்லை. அது வேறெங்கிருந்தோ வரவேண்டும்.

அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடையைக் கோன்யாவில் ஒரு சமையலறையில் கண்டேன். 1207-ல் பிறந்து 1273-ல் அந்நகரில் அடங்கிய ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்த மெவ்லெவி துறவிகளுக்கு, மடத்தின் இதயஸ்தானம் சமையலறையே ஆகும். 'மத்பஹ்-இ ஷெரிஃப்', திருமடைப்பள்ளி, என்று அதை அழைத்தார்கள். சீடனாக விரும்பி வந்தவன் முதல் மூன்று நாட்கள் மடைப்பள்ளியின் வாயிலருகே விரித்த ஒரு தோலின்மேல் மண்டியிட்டு அமர்ந்து, பேசாமல், அங்கே நடப்பவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தபின்பும் அவனுக்கு விருப்பம் நிலைத்திருந்தால், 1001 நாட்கள் சேவை. துடைப்பது, விறகு சுமப்பது, பாத்திரம் துலக்குவது, கடைக்குப் போய் வருவது, நீர் வார்ப்பது என்று பதினெட்டு வகைப் பணிகள். நாம் சித்திரங்களில் காணும், வெள்ளை அங்கி விரியச் சுழலும் அந்த நடனத்தையும் அவர்கள் பழகியது மடைப்பள்ளியின் பலகைத் தளத்தின்மேல்தான்.

அங்கே வெந்தது உணவு மட்டுமன்று. துருக்கி மொழியில் வேகுதல் என்னும் சொல் மனிதன் முதிர்ச்சி அடைவதையும் குறிக்கும். பச்சை என்பதற்குரிய சொல் பண்படாத மனிதனையும் குறிக்கும். தமிழர்க்கு இதை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. குழம்பு பக்குவமாயிற்று என்கிறோம். பக்குவப்பட்ட ஆன்மா என்கிறோம். சைவ சித்தாந்திகள் மலபரிபாகம் என்று சொல்லும்போது அச்சொல்லின் உள்ளே அடுப்பின் வெம்மை இருந்துகொண்டே இருக்கிறது. ரூமி தம் மஸ்னவியின் மூன்றாம் நூலில், கொதிக்கும் பானையிலிருந்து துள்ளியெழுந்து தப்ப முயலும் கொண்டைக்கடலைக்கும், அதை அகப்பையால் மீண்டும் உள்ளே தள்ளும் சமையற்காரிக்கும் நடக்கும் ஒரு சம்வாதத்தை அமைத்திருக்கிறார். கடலை வேதனைப்படுவது வீணுக்கன்று. உயிருடைய ஒன்றின் உடலோடு கலந்து மேலேறுவதற்கே என்பது அதன் தாற்பரியம். சத்து என்று நான் பட்டியலில் எழுதி வைத்திருந்த சொல்லுக்கு, கடலையின் பக்கமிருந்து பார்த்தால் இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ரூமியின் மடைப்பள்ளித் தலைவராக இருந்தவர் ஆதேஷ்பாஸ் வெலி என்பவர். நெருப்போடு விளையாடுபவர் என்பது அப்பெயரின் பொருள். விறகு தீர்ந்துவிட்டதென்று அவர் வந்து சொல்ல, 'உன் கால்களை அடுப்பில் வை' என்று குரு மொழிந்தார் என்றும், அவ்வாறே வைத்தபோது விரல்களினின்று சுடர் எழுந்து அண்டா கொதித்தது என்றும், ஆனால் ஒரு கணம் உள்ளத்தில் ஐயம் புகுந்தமையால் இடக்கால் பெருவிரல் சுட்டுவிட, அதை வெட்கத்தால் வலக்கால் விரலால் மூடிக்கொண்டு குருவின் எதிரில் நின்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மெவ்லெவிகள் வணங்கி நிற்கும்போது வலக்கால் பெருவிரலை இடக்கால் விரலின்மேல் வைத்து நிற்பது அதன் நினைவாக என்பர். 1285-ல் காலமான அவருக்கு மெராம் என்னும் பகுதியில் கல்லாலான சமாதி இருக்கிறது. சமையற்காரர் ஒருவருக்கென்று எழுப்பி, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றிவரும் சமாதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. வருகிறவர்கள் அங்கே வைத்திருக்கும் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துப்போய் வீட்டு உப்போடு சேர்க்கிறார்கள். அடுப்படியில் குறைவு வராது என்பது நம்பிக்கை. ஒரு சிட்டிகை! 18 கிராம் என்ற அந்த எண்ணை வாசித்த எனக்கு, அந்தச் சிட்டிகையைப் பார்த்தபோது கண் கலங்கியது.

மெவ்லெவிகளின் பந்தி முறையும் உப்பிலேயே தொடங்கி உப்பிலேயே முடிந்தது: உண்பதற்கு முன் விரல் நுனியால் ஒரு துளி உப்பு, உண்டபின் ஒரு துளி. எல்லாரும் ஒரே தட்டிலிருந்து, பேச்சின்றி, தம்முன் உள்ள பக்கத்தில் மட்டும் எடுத்து உண்பார்கள். இதில் ஒரு விதி இருக்கிறது. துருக்கியைப் பற்றி நான் அறிந்த அனைத்திலும் என்னை மிகுதியும் ஆட்கொண்டது அதுவே. பந்தியில் ஒருவர் நீர் கேட்டு அருந்தத் தொடங்கினால், அவர் குவளையைக் கீழே வைக்கும்வரை மற்றவர் எவரும் ஒரு கவளம்கூட எடுப்பதில்லை. அவர் நீர் பருகும் அந்தச் சில விநாடிகளில் பொதுத் தட்டிலிருந்து ஒரு கவளம் குறைந்தாலும், அது அவருடைய பங்கிலிருந்து எடுத்ததாகும் என்பது அவர்கள் கருத்து. பங்கு என்று நான் சொல்வதை அவர்கள் 'ஹக்' என்பார்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் ஹக்கு என்று வழங்கும் அதே சொல். உரிமை, பாத்தியதை, மெய் ஆகிய மூன்றையும் குறிப்பது. இறைவனுக்கே ஒரு திருநாமமாகவும் அமைந்தது. அளவு எங்கிருந்து வருகிறது என்ற என் கேள்விக்கு அந்த நிறுத்திய கைகளில் விடை இருந்தது. எனக்கு எவ்வளவு தேவை என்று வயிற்றைக் கேட்டால் அது ஒருபோதும் நேராகப் பதில் சொல்வதில்லை. இதில் பிறருக்கு உரியது எவ்வளவு என்று கேட்கும்போதோ அளவு தானாகவே பிறக்கிறது.

மடங்கள் 1925-ல் சட்டத்தால் மூடப்பட்டன. ரூமியின் மடம் 1927-ல் அருங்காட்சியகமாயிற்று. அந்த அடுப்பு இப்போது எரிவதில்லை. ஆயினும் அந்த நியாயம் சாமானிய ஜனங்களின் பேச்சில் இன்னும் உயிரோடிருக்கிறது. 'கோஸ் ஹக்கி' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு. கண்ணின் பாத்தியதை என்று பெயர்க்கலாம். ஓர் உணவை ஒருவன் பார்த்துவிட்டால், அவனுக்கு அதில் பங்குண்டு. பழக்கடையில் நின்று பார்ப்பவனுக்கு வியாபாரி ஒரு துண்டை அறுத்து நீட்டுவதும், அடுத்த வீட்டுக்குச் சமையல் மணம் போயிருக்குமென்று ஒரு தட்டு நிறைய அனுப்புவதும், தின்பண்டத்தைப் பிறர் காணத் தெருவில் தின்றுகொண்டு போகலாகாதென்று பிள்ளைகளைப் பெரியோர் கண்டிப்பதும் இச்சொல்லின் பெயராலேயே நடக்கின்றன.

பார்த்ததனால் மட்டும் பாத்தியதை உண்டாகுமா? விலை கொடுத்தவனுக்கு உரிமை, உழைத்தவனுக்கு உரிமை என்பவை விளங்குகின்றன. கண் விலையும் கொடுக்கவில்லை, உழைக்கவும் இல்லை. நெடுநாள் இதைச் சிந்தித்த பின்பு எனக்குத் தோன்றிய நியாயம் இது: என் உணவைக் காணுமுன் அவனுக்கு இல்லாதிருந்த ஒரு பசியை, நான் அவன் எதிரில் உண்டதனால் உண்டாக்கிவிட்டேன், உண்டாக்கியவன் ஆற்றவும் கடமைப்பட்டவன். நம் நாட்டில் இதே தருணத்தைத் திருஷ்டி என்று அஞ்சுகிறோம். துருக்கியரும் நீலமணியைத் தொங்கவிட்டுக் கண்ணேறுக்கு அஞ்சுவோரே. ஆனால் பிறன் பார்வையைத் தீங்காக எண்ணி மறைந்து உண்பதைவிட, அப்பார்வையை ஒரு கோரிக்கையாக ஏற்றுப் பங்கிட்டு உண்பது எவ்வளவோ உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ரொட்டிக்கடைகளில் ஒரு ரொட்டி வாங்கி இரண்டுக்கு விலை கொடுத்துச் செல்லும் 'அஸ்கிடா எக்மெக்' என்ற வழக்கமும் உண்டு. பெயர் தெரியாத ஒருவர் பின்னர் வந்து, தொங்கும் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டு எடுத்துச் செல்வார். அங்கே கொடுத்தவர் கண்ணில் ஏழை படுவதில்லை. ஏழை கண்ணில் கொடுத்தவரும் படுவதில்லை.

இந்நியாயம் எக்காலத்தும் முழுமையாக ஆண்டது என்று சொல்லுவது பொய்யாகும். சுலைமானின் மனைவி ஹுர்ரெம் சுல்தான் 1550-களின் தொடக்கத்தில் ஜெருசலேமில் நிறுவிய அன்னசாலையின் தர்மசாசனம், காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் உடைத்த கோதுமைக் கஞ்சி, வெள்ளியிரவுகளில் இறைச்சிச் சோறும் குங்குமப்பூ இட்ட இனிப்புச் சோறும் என்று பொருள்களின் அளவோடு வகுத்து வைத்தது. நூற்றாண்டுகள் கடந்தும் அச்சாலையில் கஞ்சி வார்த்தார்கள். ஆனால் அங்கும் ஊழியர்களுக்குப் பின் விருந்தினர், விருந்தினருக்குப் பின்னரே ஏழைகள் என்ற வரிசை இருந்தது. ஏழையின் பசிக்கென்று எழுப்பிய சாலையில் ஏழை கடைசியில் நிற்பதை நான் எவ்வகையிலும் நியாயமென்று ஏற்க மாட்டேன்.

இன்னொரு ஆட்சேபத்தையும் எதிர்கொள்ள வேண்டும். பகிர்ந்துண்பவன் நோயின்றி வாழ்கிறான், தனித்துண்பவன் நோயுறுகிறான் என்று உலகம் நமக்குக் காட்டுகிறதா? காட்டவில்லை. பிறர் முகம் பாராத செல்வன் ஒலிவ எண்ணெயும் வால்நட்டும் உண்டு தொண்ணூறு வயது வாழலாம். தன் கவளத்தில் பாதியைக் கொடுத்த ஏழைத் தாய் நாற்பதில் இறக்கலாம். சர்க்கரை நோயாளி பங்கிட்டு உண்டாலும் சர்க்கரை சர்க்கரையே. தர்மம் இரத்தத்தின் கணக்கை மாற்றுவதில்லை, மாற்றுமென்று சொல்லி எவரையும் நான் வைத்தியரிடமிருந்து பிரிக்கத் துணிய மாட்டேன். நான் சொல்லுவது இவ்வளவே. இந்தப் பண்டம் எனக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு விடை பண்டத்தில் இருக்கிறது. அதை ஆராய்ச்சிக்கூடம் சொல்லும். இந்தப் பண்டத்தில் யாருக்குப் பங்கு என்ற கேள்விக்கு விடை உண்பவனிடத்தில் இருக்கிறது. அதை எந்தக் கூடமும் சொல்லாது. முதற் கேள்வியை மட்டுமே கேட்கப் பழகிய மனிதன், எத்துணைச் சிறந்த பதார்த்தத்தையும் தன்னையே மையமாக வைத்து நோக்கி, ஆரோக்கியத்தின் பொருட்டே அச்சத்தோடு உண்கிறான். நானும் அவ்விதமே உண்டேன். துன்பம் அணுகாத நிலை என்று பொருள்படும் அந்த 'அஃபியெத்'தில், அச்சமின்மையும் அடங்கியிருக்க வேண்டுமல்லவா?

நான் அங்கிருந்தபோது முஹர்ரம் மாதம் வந்தது. பத்தாம் நாளை ஒட்டி வீடுதோறும் 'அஷூரெ' காய்ச்சுகிறார்கள். பெருவெள்ளம் வடிந்து நூஹ் நபியின் மரக்கலம் மலைமேல் தங்கியபோது, கப்பலில் மிஞ்சிக் கிடந்தவற்றையெல்லாம் ஒரே பானையில் இட்டுக் காய்ச்சிய முதற் பாயசம் அது என்பது ஐதிகம். கர்பலாவின் துயரத்தை நினைந்து பன்னிரண்டு நாட்கள் நோன்பிருக்கும் அலெவி வகுப்பினர், நோன்பு முடிவில் பன்னிரண்டு பொருள்களை இட்டு அதைக் காய்ச்சுகின்றனர். எவ்வளவு பெரிய பானையில் காய்ச்சினும் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, மதம் பாராமல், கிண்ணம் கிண்ணமாகப் போகிறது. என் கதவைத் தட்டிய எதிர்வீட்டு மூதாட்டி ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்து, அஃபியெத் ஓல்சுன் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். கோதுமை, கொண்டைக்கடலை, வெள்ளைமொச்சை, உலர்ந்த பாதாமி, அத்தி, திராட்சை, மேலே மாதுளை முத்தும் வால்நட்டும். நான் பட்டியலிட்டு வைத்திருந்தவை அநேகமாக எல்லாம் ஒரு கிண்ணத்தில், எனக்கு விலக்கப்பட்ட சர்க்கரையோடு, வந்து நின்றன. மூன்று கரண்டி உண்டேன். மெல்ல, ஒவ்வொன்றையும் நாவால் தேடி அறிந்து உண்டேன். மிகுதியை அடுத்த அறையிலிருந்த மாணவனுக்குக் கொடுத்தேன்.

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பது அவ்வூர் வழக்கம். என்னிடம் சமைத்த பண்டம் எதுவுமில்லை. ஊரிலிருந்து கொண்டு சென்ற பொட்டலத்தில் ஏலக்காய் கொஞ்சம் எஞ்சியிருந்தது. கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அதை இட்டு எடுத்துப் போனேன். மூதாட்டி ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து, சற்று நேரம் கண்களை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு, அவள் ஓடி வந்ததும், அதை அவள் மூக்கினருகே கொண்டு போனார்.